பதினேழாவது பொட்டலம்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மாதம் ஒருமுறை அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மற்றபடி அந்த நகராட்சி அலுவலகத்தின் இரண்டு மாடியிலும் அவர் அரக்குதான். நேரில் அரக்கு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் அரக்கு. மாதிரிப் பொட்டலங்களுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்து வைத்து, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முப்பத்தோரு வருடமாகச் சிவந்தே இருந்தன. "அந்தக் கையோட என்னைத் தொடாதீங்க, என்மேலயும் சீல் விழுந்திடும்" என்று அவர் மனைவி கல்யாணமான புதிதில் சொன்னாள். இப்போதும் சொல்கிறாள், சிரிப்பு மட்டும் குறைந்துவிட்டது.

அவர் வேலை கேட்பதற்கு எளிது. கடைகளில் பொருள் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஐம்பது மைக்ரானுக்குக் குறையாத கனத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. மெலிந்த பை ஒரு தடவை உபயோகித்ததும் கிழியும், சாக்கடைக்குப் போகும், சாக்கடையை அடைக்கும். அரக்கு கடைகடையாகப் போய், அடுக்கிலிருந்து மூன்று பை எடுப்பார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அலுவலக அலமாரிக்கு, ஒன்று சோதனைக்கு. மூன்றையும் தனித்தனியாகக் காகித உறையில் மடித்து, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி விட்டு, பித்தளை முத்திரையை அழுத்துவார். மீன்கடைப் பை என்றால் முதலில் உள்ளும் புறமும் துடைத்துக் காயவைப்பார். அப்படியும் அந்த நாற்றம் அவர் சட்டைப்பையில் இரண்டு நாள் குடியிருக்கும். அவர் போட்ட முடிச்சைக் கத்தரி இல்லாமல் அவிழ்த்தவர்கள் கிடையாது.

முன்பெல்லாம் சோதனையும் அவர் மேசையில்தான். கனம் அளக்க, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேஜ் இருந்தது. பையின் நான்கு மூலை, நடுவில் ஓர் இடம், ஆக ஐந்து அளவு. கூட்டி ஐந்தால் வகுத்தால் கணக்கு முடிந்தது. பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு கூட்டம் போட்டார்கள். "நாமளே பிடிச்சு நாமளே அளந்தா எவன் நம்புவான்? வெளியில ஒரு லேப்கிட்ட குடுத்திடுவோம்" என்று அதிகாரி சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. கை தட்டியவர்களில் அரக்கும் ஒருவர். அதை நினைத்தால் இப்போது அவருக்கு அந்தக் கைகளைக் கழுவத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து மாதம் இருபது பொட்டலம், ஒன்று முதல் இருபது வரை எண் போட்டு, கூரியரில் அடுத்த நகரத்துக்குப் போயிற்று. கடையின் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். பாரபட்சம் வரக் கூடாதல்லவா. எந்த எண் எந்தக் கடை என்பது அரக்கின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். அறிக்கை நேராக அதிகாரிக்கு வரும், பதிவேட்டை வாங்கிப் பார்த்து அவர் கடையைக் கண்டுகொள்வார். தோற்ற கடைக்குப் பூட்டுப் போடுவது வேறு பிரிவின் வேலை. அரக்கின் கண்ணில் அறிக்கை படவே படாது.

கேஜைச் சரக்கறையில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அதற்கான படிவம் இல்லாமல் வாங்க மாட்டேன் என்றார் சரக்கறைக்காரர். படிவம் அச்சாகி வரவே இல்லை. கேஜ் அவர் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. இருக்கிற கருவியைச் சும்மா வைத்திருக்க அரக்கால் முடியவில்லை. யாரும் கேட்காமலே ஒவ்வொரு பையையும் கடையிலேயே அளந்து, நீள நோட்டில் எழுதிக்கொண்டார். அதோடு விட்டாரா? மாதக் கடைசியில் பொட்டலங்களைக் கனத்தின்படி வரிசைப்படுத்தி, மிக மெலிந்ததற்கு ஒன்று, மிகத் தடித்ததற்கு இருபது என்று எண் போட்டார். அங்கே அளக்கிற ஆளுக்குக் கருவியைத் திருகத் திருக அளவு சீராக ஏறிக்கொண்டு போகும், வசதியாக இருக்குமே என்ற எண்ணம். முகம் தெரியாத ஆளுக்குச் செய்த உபகாரம்.

பைக்கடை அக்கா அலுவலகப் படியேறி வந்தது, அவள் கடைக்குப் பூட்டு விழுந்த நான்காம் நாள். அவளும் அவள் தங்கையும் பதினாறு வருடமாக நடத்துகிற கடை. காய்கறிக்காரர், மளிகைக்காரர், மீன்காரர் எல்லாருக்கும் அவர்கள்தான் பை விற்பவர்கள். வந்தவள் அரக்கின் மேசைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தை அவர் முன்னால் தள்ளினாள்.

"முப்பத்தெட்டாம். படிச்சுப் பாருங்க."

அரக்கு படித்தார். சராசரித் தடிமன் 38 மைக்ரான், விதிக்கு உட்படவில்லை என்றிருந்தது.

"என் கண்ணு முன்னாடிதானே சார் கேஜ வச்சீங்க? அஞ்சு இடத்துல வச்சீங்க. 'அறுபத்தொண்ணு, நல்ல சரக்கு'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"மெல்லிசா வாங்காதீங்கம்மான்னு வருஷக்கணக்கா என் உயிர வாங்கினது யாரு?"

"நான்தான்."

"அந்தச் சரக்கு விலை கூட. நாலு பேர் வாங்க மாட்டேன்னு போயிட்டான். சார் சொல்றாரேன்னு வச்சிருந்தேன். அப்ப உங்க நோட்டு பொய்யா, இந்தப் பேப்பர் பொய்யா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க, நான் எழுந்து போறேன்."

அரக்கு நோட்டைப் புரட்டினார். 61. கீழே ஐந்து அளவுகளும் வரிசையாக இருந்தன. அவர் நோட்டில் இதுவரை அடித்தல் திருத்தல் கிடையாது.

"முப்பது நாள்ல மேல்முறையீடு பண்ணலாம்மா."

"கேட்டுட்டேன். பண்ணினா என்கிட்ட இருக்கிற பையை அதே லேப்புக்குத்தான் அனுப்புவாங்களாம். எந்த வாய் முப்பத்தெட்டுன்னு சொல்லிச்சோ, அதே வாய்கிட்ட போய்த் திரும்பவும் கேக்கணும். முப்பது நாள் தாண்டினா உரிமம் போச்சு." அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். வந்து, வாய் திறக்காமல், அலுவலகம் மூடும்வரை அந்தப் பெஞ்சில் இருந்துவிட்டுப் போனாள். மேசைக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அதிகாரி அவரைவிடப் பத்து வயது இளையவர். "அரக்கு சார், அனுப்புறது நம்ம வேலை, சோதிக்கிறது அவங்க வேலை. நடுவுல நீங்க எதுக்கு?" என்றார்.

"ஐயா, இருபத்து மூணு மைக்ரான் வித்தியாசம். கண்ண மூடிட்டுத் தொட்டாலே தெரியும்."

"உங்க கேஜ் துருப்பிடிச்சிருக்கும்."

அந்த ஒரு வார்த்தைதான் அவரைப் பேருந்தில் ஏற்றியது. பூட்டு விழுந்த பன்னிரண்டாம் நாள், சொந்த விடுப்பில், கேஜையும் எடுத்துக்கொண்டு அடுத்த நகரத்துக்குப் போனார். நல்ல கருவியில் வைத்துச் சரிபார்த்துவிடலாம், தவறு தன்னுடையதாக இருந்தால் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

லேப் என்று விலாசத்தில் இருந்தது ஒரு டயர்க் கடையின் மாடி. படியெல்லாம் ரப்பர் வாடை. மேலே போனால் அந்த வாடையை அமுக்கிக்கொண்டு வேறொரு நாற்றம் வந்தது. ஈரமும் எலிப்புழுக்கையும் அழுகலும் கலந்த நாற்றம். ஒரே அறை. ஒரு கணினி, அதன் முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க தட்டச்சுக்காரி. சுவரோரமாகச் சாக்குகள், ஆள் உயரத்துக்கு. ஒரு சாக்கின் வாய் திறந்திருந்தது. உள்ளே சிவப்பாக என்னவோ தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தார். அவருடைய அரக்கு.

"யார் சார்?"

"இந்தப் பொட்டலமெல்லாம் அனுப்புறவன்."

"ஓ, அந்த முடிச்சுக்காரரா நீங்க? அப்பா, என்ன முடிச்சு சார் அது. அவுக்கவே முடியாது. அதான் நாங்க அவுக்கறதே இல்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"அப்ப எப்படி அளக்குறீங்க?"

"இங்க அளக்குறதில்ல சார், இது வாங்குற இடம். அளக்குறதுக்கு வேற லேப்போட ஒப்பந்தம். அவங்க இன்னொருத்தர்கிட்ட குடுத்திருந்தாங்களாம். அந்த இன்னொருத்தர் மூடிட்டுப் போயிட்டார். ஆனா ரிப்போர்ட் நிக்கக் கூடாதில்ல?"

"எண்ணு எங்கேர்ந்து வருது?"

அவள் ஒளித்துப் பேசுகிறவள் இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். இருபது கட்டம். இரண்டில் மட்டும் சிவப்பு. "பழைய ஷீட். மாசாமாசம் நம்பர லேசா மாத்தி விடுவேன். எல்லாம் பாஸ்னா சந்தேகம் வரும், இருபதுல ரெண்டு தோக்கணும்னு முதலாளி சொல்லியிருக்கார். ஒன்பதும் பதினேழும்."

"ஏன் ஒன்பதும் பதினேழும்?"

"யாருக்குத் தெரியும், நான் வேலைக்கு வரும்போதே அப்படித்தான். ஆனா ஒண்ணு சார், எந்த நம்பர் எந்தக் கடைன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த விஷயத்துல நாங்க ரொம்பச் சுத்தம்."

அரக்கு சாக்கருகில் குந்தி உட்கார்ந்தார். மேலே கிடந்தவற்றில் எலி கடித்தவை ஆறு. ஒரு மீன்கடைப் பொட்டலத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோழை வடிந்து உறைந்திருந்தது; துடைத்ததில் ஏதோ மிஞ்சியிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடி, போன மாதத்துப் பதினேழை எடுத்தார். நூல் அப்படியே, முடிச்சு அப்படியே, அரக்கில் கீறல்கூட இல்லை. இதற்குள் இருப்பது முப்பத்தெட்டு என்று யாரோ சொல்லி, ஒரு கடை மூடிக் கிடக்கிறது.

"இத எடுத்துட்டுப் போகலாமா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும். குனிஞ்சு கூட்ட முடியல."

ஒன்றைத்தான் எடுத்தார். எடுத்ததற்கு ஒரு ரசீது எழுதி, தேதி நேரம் போட்டு, கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இப்படியும் ஒரு மனிதரா என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

கேஜைச் சரிபார்க்க அங்கே கருவி இல்லை. கருவியே இல்லை.

திரும்பி வரும் பேருந்தில் பாதி வழியில்தான் அவருக்கு அது உறைத்தது. ஒன்பதும் பதினேழும். மெலிந்தது முதல் தடித்தது வரை வரிசை. பதினேழாவது இடத்தில் எப்போதும் தடித்த பைதான் இருக்கும். ஒழுங்கான கடைதான் இருக்கும். அந்த இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தவர் யார்? சன்னலுக்கு வெளியே எட்டித் துப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நீள நோட்டையும் பதிவேட்டையும் விரித்து வைத்துக்கொண்டார். பதினான்கு மாதம், பதினான்கு பதினேழுகள். பதினான்கும் ஐம்பதுக்கு மேல். ஒன்பதுகளில் பதினொன்று உண்மையிலேயே மெலிந்தவை, மூன்று நல்லவை. ஆக, அவருடைய நேர்த்தியால் மூடிய நல்ல கடைகள் பதினேழு. அந்த எண் அங்கேயும் வந்து நின்று பல்லை இளித்தது. முதல் எண்களில் இருந்த இருபத்தொன்பது, முப்பது மைக்ரான் பைகள்? பெரிய துணிக்கடையின் பை பதினான்கு மாதத்தில் ஒன்பது மாதம் முதல் பொட்டலம். அது ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

மனைவி பின்னால் வந்து நின்று கேட்டாள். அவர் சொன்னார், முழுதும்.

"இப்படி வரிசையா வைக்கச் சொல்லி யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல."

"யாரும் சொல்லாத வேலையை இவ்வளவு ஒழுங்கா ஏங்க செஞ்சீங்க?" என்றாள். திட்டுகிற குரலில் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் காலை பொட்டலத்தையும் நான்கு பக்க அறிக்கையையும் அதிகாரியின் மேசைமேல் வைத்தார். அதிகாரி பொட்டலத்தைத் தொடவில்லை. நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அறிக்கையைப் படித்தார். நன்றாகவே படித்தார், மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைக்கூடக் காட்டினார்.

"லேப் காவல்ல இருந்த மாதிரிய நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்க. இனிமே இது செல்லாது. இதுக்கே உங்க மேல மெமோ குடுக்கலாம்."

"குடுங்க ஐயா."

"சரி, அத விடுங்க. இது மேல போனா முதல் கேள்வி என்ன வரும்? வரிசையா அடுக்கினது யாருன்னு வரும். லேப்காரன் சொல்லுவான், எங்களுக்குக் கடை பேரே தெரியாது, பதினேழுல நல்ல கடைய வச்சது அந்த ஆள்தான், துணிக்கடைக்காரனோட பேசி வச்சுக்கிட்டான்னு. நோட்டும் உங்க நோட்டு, எழுத்தும் உங்க எழுத்து. பதினாலு மாசமும் துளி பிசகாம எழுதி வச்சிருக்கீங்க."

அரக்கு பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேணும், அந்தம்மா கடை திறக்கணும். அவ்வளவுதானே? அத நான் பாத்துக்கிறேன்." அவர் சிரித்த சிரிப்பில் உதவி செய்கிறவனின் திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியைத்தான் அரக்கால் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாளில் லேப்பிலிருந்து திருத்தக் கடிதம் வந்தது. தட்டச்சில் எண்கள் இடம் மாறிவிட்டனவாம். 38 அல்ல, 83. அறுபத்தொன்றான பை இரண்டு வாரம் முப்பத்தெட்டாக இருந்து இப்போது எண்பத்து மூன்றாக ஊதியிருந்தது. கடிதத்தின் அடியில், 'அலுவலக மாதிரியுடன் ஒப்பிட்டேன், சரியாக உள்ளது' என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள்.

எதிர் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். போட்டால் கடை திறக்கும். போடாவிட்டால் இன்னும் பதினைந்து நாள் இதே பெஞ்சு, அப்புறம் அதுவும் கிடையாது. மற்ற பதினாறு கடைகளில் மேல்முறையீட்டுக் கெடு தாண்டாதது ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் இப்போது சலூன் நடக்கிறது. அரக்கு பேனாவைத் திறந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய், ஐந்தே வார்த்தை, அவருடைய அழகான கையெழுத்தில்.

"எப்படி சார் முடிச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

அவளிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சாக்கு, சிவப்புக் கட்டம், ஒன்பது, பதினேழு, தன்னுடைய வரிசை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், "அப்ப நான் என்ன விக்கிறேன்ங்கிறது யாருக்கும் கணக்கில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் அவள் கடைக்கு மாதிரி எடுக்கப் போனார். கடை பளிச்சென்று இருந்தது. தங்கை நாற்காலி போட்டாள். அக்கா அடுக்கிலிருந்து ஒரு பையை உருவிக் கொடுத்தாள். தொட்ட மாத்திரத்தில் அவர் விரல் கண்டுகொண்டது. இருந்தாலும் கேஜை வைத்தார், ஐந்து இடத்திலும். 34.

"என்னம்மா இது?"

"துணிக்கடைக்காரன் வாங்குற அதே கம்பெனி சரக்குதான் சார். விலை பாதி. போன நாலு பேரும் திரும்ப வந்துட்டாங்க."

"இது சாக்கடைக்குத்தான்மா போகும்."

"நல்ல சரக்கு வச்சிருந்தப்ப நான் போனேனே சார் நடுத்தெருவுக்கு, அப்ப சாக்கடை என்ன காஞ்சா கிடந்துச்சு?" குரலில் சண்டை இல்லை. பைகளைத் தட்டி அடுக்கிக்கொண்டே பேசினாள். "எடுத்துட்டுப் போங்க, மூணு பை, உங்க உரிமை. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். எங்க பொட்டலத்த ஒன்பதுலயும் பதினேழுலயும் வைக்காதீங்க. அது போதும்."

தங்கை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் குடிக்கவில்லை.

மாதக் கடைசி நாள் பிற்பகல் இருபது பொட்டலமும் மேசைமேல் இருந்தன, எண் போடாமல். அரக்கு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப் போடலாம். நல்லவன் எவனாவது பதினேழில் போய் விழுவான். பழைய வரிசையே போடலாம், நிச்சயம் விழுவான். வரிசையைத் தலைகீழாக்கலாம். அப்போதுதான் அவருக்கு விளங்கியது: மாட்ட வேண்டியவரை அந்த இரண்டு எண்ணில் வைத்தால் அந்த லேப் அச்சு அசலாக உண்மையைத்தான் சொல்லும். இருபதில் இரண்டு திருடர்களை மாதாமாதம் பிடித்துக் கொடுக்கும். எந்த இரண்டு என்று அவர் சொன்னால் போதும். அளக்கிற வேலையைத் தன்னிடமிருந்து பிடுங்கி எங்கெங்கோ கைமாற்றி விட்டவர்கள், தீர்ப்பை அவர் மடியிலேயே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

ஐம்பதுக்குக் கீழே அந்த மாதம் ஏழு பொட்டலம். துணிக்கடையின் 29ஐப் பதினேழில் வைத்தார். அதில் கை தயங்கவில்லை. ஒரு பாத்திரக்கடையின் 31ஐ ஒன்பதில் வைத்தார். மீதி ஐந்து திருடர்கள் தப்பிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அக்காவின் 34ஐக் கையில் எடுத்தார். நியாயப்படி அவளும் மாட்ட வேண்டியவள். பாத்திரக்கடைக்காரரை எடுத்துவிட்டு அவளை ஒன்பதில் வைத்தாலும் கணக்கு சரிதான். 31க்கும் 34க்கும் நடுவில் பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. அவள் பொட்டலத்தை ஒன்பதுக்குக் கொண்டுபோனார். திருப்பி எடுத்தார். பதினாறில் வைத்தார்.

அரக்கு உருகிச் சொட்டியது. பித்தளை முத்திரையை ஒவ்வொன்றாக அழுத்தினார், எப்போதும்போல நேராக. நோட்டில் 34 என்று எழுதினார், அது உண்மை. பக்கத்தில் வரிசை எண் 16 என்று எழுதினார், அதுவும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவே நடந்ததை எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை.

வீட்டில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், பிறகு மண்ணெண்ணெய் போட்டு, மறுபடி சோப்பு.

"முப்பத்தோரு வருஷமாப் போகாதது இன்னிக்கா போகப்போகுது?" என்றாள் மனைவி, துண்டை நீட்டியபடி.

அவர் துண்டை வாங்கவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.